தேவாங்கு பிரிச்சுக் கொடுத்த ஓட்டப்பந்தயம்

ஒரு காட்டுல, கரண்ட் இருக்கிற நேரத்துல மட்டும் நீதி கிடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

அந்த வருஷக் கோடையில குளம் வத்திப்போச்சு. மிச்சம் கிடந்த தண்ணி ஒரு குடும்பத்துக்குத்தான் காணும். காட்டுப்பன்னி காத்தமுத்து வீட்டுல குட்டிங்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கிடக்குதுங்க. மான் வடிவு வீட்டுலயும் அதே நிலைமைதான். விவகாரம் சிங்கராஜாகிட்ட போச்சு.

"ரெண்டு பேரும் ஓடுங்க. ஆலமரத்தடியில கட்டியிருக்கிற கயித்தை யார் முதல்ல தொடுறாங்களோ அவங்களுக்குக் குளம்"னு சிங்கம் சொல்லிருச்சு. எதிர்த்துப் பேசினவங்க யாரும் இப்ப அந்தக் காட்டுல இல்ல. அதனால ஓடினாங்க.

ரெண்டு பேரும் ஒண்ணா வந்து விழுந்தாங்க. புழுதி அடங்கினதும் "நான்தான் முதல்ல", "நான்தான் முதல்ல"ன்னு ஒரே கூச்சல். நல்லவேளை, காக்கா ஸ்டுடியோ வீடியோ எடுத்திருந்துச்சு. காதுகுத்து, கல்யாணம்னு காட்டுல எந்த விசேஷம்னாலும் அவங்கதான். உலகமே மாறினாலும் டிவிடியிலதான் போட்டுக் கொடுப்பாங்க.

டிவிடியைப் போட்டு, கயிறு வர்ற இடத்துல நிறுத்திப் பார்த்தா, அட கஷ்டமே! பன்னி மூஞ்சியும் மான் மூக்கும் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா கிழிஞ்சு தொங்குது. யாரு முன்னால, யாரு பின்னாலன்னு ஒரு மண்ணும் தெரியல.

"இதைச் சுத்தம் பண்ண யாருக்குத் தெரியும்?"னு சிங்கம் கேட்டுச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. தேவாங்கு தெய்வநாயகம் மட்டும் முழிச்சுப் பார்த்தான். பாவம், அவன் கண்ணு அமைப்பே அப்படி. வேலை அவன் தலையில விழுந்துருச்சு.

"ராஜா, எனக்குக் கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாட மட்டும்தான் தெரியும்."

"கத்துக்கோ. நீ கத்துக்கிற வரைக்கும் குளத்துல ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாது."

தெய்வநாயகம் ஒரு மென்பொருளை இறக்கித் திறந்தான். உள்ள பட்டன் இல்ல, மெனு இல்ல, ஒண்ணுமே இல்ல. என்ன செய்யணும்னு நோட்பேடுல வரி வரியா எழுதிக் கொடுத்தாத்தான் அது அசையுமாம். காட்டு இணையக் குழுவுல போய், "நான் புதுசு. படத்துல விழுற கோடெல்லாம் போகணும். உதவி பண்ணுங்க"ன்னு கேட்டான்.

கேட்டதுதான் தப்பு. ஆந்தை, "முதல்ல கையேட்டைப் படிச்சியா?"ன்னுச்சு. கொக்கு, "டிவிடியெல்லாம் இன்னுமா பார்க்குறீங்க?"ன்னுச்சு. முள்ளம்பன்னி, "கோடு இருக்கிறதுதான் அசல், அதுல கை வைக்காதே"ன்னு ஒரு கட்டுரையே எழுதிப் போட்டுச்சு. உடனே ஆந்தைக்கும் முள்ளம்பன்னிக்கும் சண்டை. கேட்டவன் ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கானேன்னு யாருக்கும் நினைப்பில்ல. நடுவுல ஓணான் வந்து முழ நீளத்துக்குக் கட்டளை வரிங்க எழுதின ஒரு ஸ்கிரிப்டை ஒட்டி, "எனக்கு இது வேலை செய்யுது"ன்னு சொல்லிட்டு ஓடிப்போச்சு.

நம்மாளு அதை அப்படியே எடுத்துப் போட்டான். அதுல முதல் வரியே படத்தைச் சின்னதாக்குற வரி. கோட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே படத்தைச் சுருக்கிட்டா, சட்னி அரைச்சப்புறம் தேங்காயைத் தனியா எடுக்கப் பார்த்த மாதிரிதான். திரையில கோரைப்பல் முளைச்ச மான் ஒண்ணு கயித்தைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு.

"இது யாருடா? இதுக்கும் தண்ணி விடணுமா?"ன்னு சிங்கம் உறுமுச்சு.

காத்தமுத்து அழுதே விட்டான். "தெய்வநாயகண்ணே, கடைக்குட்டி கண்ணைத் திறக்க மாட்டேங்குதுண்ணே. சீக்கிரம் பாருங்கண்ணே."

தெய்வநாயகத்துக்கு மனசு தாங்கல. எல்லாத்தையும் அழிச்சான். வீடியோவைத் திறக்க ஒரு வரி, பிரிக்க ஒரு வரின்னு தானே தட்டுத் தடுமாறி எழுதினான். அப்பத்தான் சங்கதி விளங்குச்சு. ஒரு படம்னு நினைச்சது ஒரு படமே இல்ல. ரெண்டு நொடித்துளியை ஒண்ணுவிட்டு ஒரு கோடா பின்னி வச்சிருக்காங்க. ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒத்தைக் கோடுகளை மட்டும் பார்த்தா, பன்னி மூக்கு கயித்தைத் தொடுது, மான் பின்னால வருது. ரெட்டைக் கோடுகளை மட்டும் பார்த்தா, மான் கழுத்தை நீட்டிக் கயித்தைத் தாண்டிருச்சு, பன்னி பின்தங்கிட்டான். எந்தப் பாதி முந்தி நடந்துச்சோ, அதுல முன்னால இருக்கிற ஆளுக்குத்தான் குளம்.

"ரெட்டை முதல்ல"ன்னு எழுதி ஓட்டினான். மான் ஜெயிச்சுச்சு. வடிவு துள்ளினா. ஆனா படத்துல ரெண்டு பேரும் முன்னால ஒரு எட்டு, பின்னால அரை எட்டுன்னு காவடி ஆடிக்கிட்டு வந்தாங்க. எவன் அப்படி ஓடுவான்? வரிசை தப்புன்னு புரிஞ்சுபோச்சு. "ஒத்தை முதல்ல"ன்னு மாத்தினான். ஓட்டம் தங்குதடையில்லாமப் போச்சு. கயித்தை முதல்ல தொட்டது பன்னிதான், சந்தேகமே இல்ல.

வடிவு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நீங்கதாண்ணே ஜெயிச்சீங்க"ன்னா.

"என் குட்டிங்க குடிச்சதும் உன் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வா தாயி, இருக்கிறதைப் பங்கு போட்டுக்கலாம்"னான் காத்தமுத்து. தெய்வநாயகத்துக்குப் பெருமை தாங்கல.

"நிறுத்து. அந்தப் படத்தை அப்படியே வை"ன்னுச்சு சிங்கம். திரைக்குக் கிட்ட வந்து உத்துப் பார்த்துச்சு. "கயித்துக்கு அந்தப் பக்கம் நிழல்ல உட்கார்ந்திருக்கிறது யாரு?"

"தாங்கள்தான் ராஜா. நடுவரா உட்கார்ந்திருக்கீங்க."

"என் மேல ஒரு கோடுகூட இல்லையே?"

"அசையுறவங்க மேலதான் கோடு விழும் ராஜா. தாங்கள் அசையவே இல்லையே."

"பன்னி தொடுறதுக்கு முன்னாடியே நான் கயித்தைத் தாண்டித்தானே இருக்கேன்?"

"ஆமா ராஜா."

"ரெட்டையை முதல்ல போட்டாலும்?"

"எதைப் போட்டாலும் ராஜா."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

சிங்கம் நிதானமா நடந்துபோய்க் குளத்துல இறங்கி, வயிறு முட்டக் குடிச்சுட்டு, மிச்சத்துல குளிச்சுச்சு.

நீதி: படம் எவ்வளவு தெளிவாகிறதோ, அவ்வளவு தெளிவாக ராஜாவே முன்னால் இருப்பார். ஆகவே குழந்தைகளே, தாகம் எடுத்தால் ஓடாதீர்கள், எப்படியாவது நடுவராகிவிடுங்கள்.