ஐந்தாம் ஆளின் துண்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அக்காவும் பெண்கள் இருவருமாக நான்கு பேரும் சுகம். நான்கு என்று அழுத்தி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும். அங்கே நீங்கள் சுகமா என்று மரியாதைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை.

ஏரிக்கரை விடுதியில் சனி, ஞாயிறு தங்கல், ஐந்து பேராக வந்தால் சாப்பாடு, படகு, வேன் எல்லாம் சேர்த்துப் பாதி விலை என்ற விளம்பரத்தை எனக்குக் காட்டியதே நீங்கள்தான். காட்டிவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் "காய்ச்சல் மாமா, எழுந்திரிக்கவே முடியல, நீங்க போயிட்டு வாங்க" என்றீர்கள். நான்கு பேர் என்றால் பாதி விலை போச்சு. சைக்கிளில் பிளாஸ்டிக் வாளி கட்டித் தெருத்தெருவாக விற்றுக் கடை வைத்தவன் நான், கைக்கு வந்த தள்ளுபடியை விட எனக்கு மனசு வராது. ஆகவே வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் உங்கள் பெயரையும் எழுதிக் கொடுத்து, "மச்சினர் பின்னாடியே வர்றார்மா" என்று சொல்லிவிட்டேன். நான் செய்த தப்பு இது ஒன்றுதான்.

அறையில் ஐந்து துண்டு வைத்திருந்தார்கள். ஐந்தாவதை யாரும் தொடக்கூடாது, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தால் சலவைக்காசைக் குறைக்கச் சொல்லலாம் என்று பெண்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் படகுக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், அது கொடியில் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. சின்னவளை அதட்டினால் "நானில்லப்பா, மாமா குளிச்சாரு" என்கிறாள். குளியலறைக்குள் போனேன். வாளி (நம்ம சரக்குதான், இரண்டாம் தரம், கைப்பிடி ஒரு மாசம் தாங்கினால் அதிகம்) கவிழ்த்து வைத்திருந்தது. குளித்ததும் வாளியைக் கவிழ்க்கிற பழக்கம் நம் குடும்பத்தில் உங்கள் ஒருவருக்குத்தானே உண்டு?

படகுக்காரர் ஐந்து லைஃப் ஜாக்கெட் எடுத்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, விடுதி ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். நடு ஏரியில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "பின்னாடி இருக்கிற சார், கையைத் தண்ணியில விடாதீங்க!" என்று படகுக்காரர் அதட்டினார். பின்னால் ஒருவரும் இல்லை. நான் என்ன செய்ய? "அதான் சொல்றாருல்ல, கையை எடுங்க மாப்பிள்ளை" என்றேன், தள்ளுபடியைக் காப்பாற்ற வேண்டுமே. படகு நிமிர்ந்துகொண்டது. கரை வரும்வரை உங்கள் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் பரிமாறுகிறவர் ஐந்தாவது தட்டை எடுத்துக்கொண்டே, "இந்த சார் ஒண்ணும் மிச்சம் வைக்கல, நீங்கதான் பாதியில எழுந்துட்டீங்க" என்று என்னைக் குத்திக்காட்டினார். உங்கள் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "என் தம்பி அங்க தனியா காய்ச்சல்ல கிடக்கான், நீங்க இங்க அவன் பேரை எழுதிக் கூட்டிட்டு வந்துட்டீங்க. இப்பவே போய் அந்தப் பேரை அடிங்க" என்றாள். போனேன். "நாங்க நாலு பேர்தாம்மா வந்தோம்" என்று மெதுவாக ஆரம்பித்தேன். அந்தப் பெண் சிரிப்பு மாறாமல், "அடிச்சிடலாம் சார், முழு விலையைக் கட்டிடுங்க. ஆனா இவரு வந்து கையெழுத்துப் போட்டிருக்காரே" என்று பதிவேட்டைத் திருப்பினாள். உங்கள் கையெழுத்தேதான், கீழே நீங்கள் வைக்கிற இரண்டு புள்ளியோடு. தாள் ஈரமாக இருந்தது. அங்கேயே பணத்தைக் கட்டி அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன், முழு விலை என்று கேட்டதும் வாய் வேறு மாதிரி திரும்பிவிட்டது. "ஆமாம்மா, அவரேதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் யார் தடுப்பது? வேன் ஓட்டுநர் தலையை எண்ணி, "அஞ்சும் ஏறியாச்சு" என்று கதவைச் சாத்தினார். சின்னவள் வழி முழுக்கக் கடைசி சீட்டுக்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது பார்த்தேன். பாக்கெட் காலி, சீட்டு ஈரம்.

ஆகவே மாப்பிள்ளை, இது கிடைத்ததும் "வீட்டில்தான் இருக்கிறேன்" என்று உங்கள் கைப்பட ஒரு வரி எழுதி, புள்ளி வைத்து அனுப்புங்கள். வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நானும் உங்கள் அக்காவும் நேரில் வந்து நிற்போம். விடுதிக்கும் இன்றே முழுப் பணம் அனுப்பிப் பெயரை அடிக்கச் சொல்லப்போகிறேன். வாங்கிய தள்ளுபடியை நான் திருப்பிக் கொடுப்பது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை, அதை வைத்து என் பயத்தை அளந்துகொள்ளுங்கள்.

நோய் நொடி இல்லாமல் நீங்கள் நீண்ட நாள் இருக்க வேண்டும், இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நீங்களே கடைக்கு வந்துவிட்டீர்கள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பணமும் அனுப்பவில்லை, வீண் செலவு. காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது, கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருக்கிறது. தலையைத்தான் இன்னும் துவட்டவில்லை. ஒரு வாளியை எடுத்துக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இனி இந்தக் கடிதம் எதற்கு என்று கிழிக்கப்போனேன். "கிழிக்காதீங்க மாமா, தபால்ல போட்டுருங்க" என்கிறீர்கள். "அங்க படுத்திருக்கிறவர் படிக்கட்டும்."