நாலு லட்சத்துக் காற்றுப்பேய்

குமராட்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் பொதுக் காற்றாலை கெட்டு எட்டு மாதம் ஆயிற்று. குடிநீர் மோட்டார் அந்தக் கரண்டில்தான் ஓடும். அதனால் ஊரே அடுத்த ஊருக்குக் குடம் சுமந்தது. பழுது பார்க்கவும் பராமரிக்கவும் அரசாங்கம் நாலு லட்சம் ஒதுக்கியது. செய்தி மெக்கானிக்கை எட்டுவதற்கு முன்பே, காற்றை அடக்குவதாகச் சொல்லித் திரிந்த வாயுசித்தரை எட்டிவிட்டது. ஞானதிருஷ்டி என்றால் அதுவல்லவா!

"எறக்கையில காத்துப்பேய் ஒக்காந்திருக்குது. நாலு லட்சத்துல யாகம் பண்ணா எறங்கிரும்" என்றார். பேய்க்குப் பட்ஜெட் தெரிந்திருக்கிறது.

சிதம்பரத்திலிருந்து மினிபஸ்ஸில் தொற்றிக்கொண்டு கூட்டம் வந்தது. சித்தர் கமண்டலத்தை உயர்த்தி, "சுத்து!" என்று அலறினார். காற்றாடி சுற்றியது. "நில்லு!" நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஊராட்சித் தலைவர் சுப்பராயலு, யாகத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் மலர்க்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எட்டு மாதமாக ஊராரிடம் ஏச்சு வாங்கியவள் அவள். காற்றாலைக் கோபுரத்தடி அறையில் காற்றாடியை நிறுத்தவும் விடவும் பிரேக் கைப்பிடி இருப்பது அவளுக்குத் தெரியும். அதே அறையில் சிஷ்யர் ஒருவர் 'தவம்' இருப்பதையும் பார்த்திருந்தாள்.

"மாமா, கையெழுத்துக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு. சிஷ்யர வெளிய வரச் சொல்லுங்க. ரூம நான் பூட்டுறேன். அப்பறம் சாமி சுத்த வெக்கட்டும்."

"தவத்தக் கலைச்சா சாபம்!" சித்தர் சீறினார்.

"சாபம் எனக்கு வரட்டும் சாமி. தண்ணி ஊருக்கு வரட்டும்."

சிஷ்யர் வெளியே வந்தார். கையெல்லாம் கிரீஸ். கடுந்தவம்!

பூட்டுத் தொங்கியது. கொள்ளிடக் காற்று சித்தரின் தாடியைப் பிடித்து அவர் முகத்திலேயே அறைந்தது. "சுத்து! சுத்து!" முக்கால் மணி நேரம் கத்தினார். தொண்டைதான் கட்டியது.

மலர்க்கொடி அறையைத் திறந்து, எல்லோரும் பார்க்கக் கைப்பிடியை இழுத்தாள். காற்றாடி சுழன்றது.

"சுத்துது, ஆனா கரண்ட் வரல பாருங்க. ஜெனரேட்டர் எரிஞ்சு கெடக்குது. அத மாத்தவும் வருசா வருசம் பாத்துக்கவும்தான் அந்தப் பணம்."

சுப்பராயலு தீர்மானத்தைக் கிழித்துவிட்டுக் கடலூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். சித்தர் மினிபஸ்ஸை விரட்டி ஓடினார். அதற்கு மந்திரம் தேவைப்படவில்லை.

மறுவாரம் குழாயில் தண்ணீர் கொட்டியது. முதல் குடம் பிடித்த பட்டம்மாள், "தாயீ, வாயு மாதா நீதான்!" என்று மலர்க்கொடியின் காலில் விழுந்தாள்.

"ஏந்திரிக்கா! காத்தாடிய ரிப்பேர் பண்ண கவர்மெண்ட் பணம் குடுக்கும். மண்டைய ரிப்பேர் பண்ண ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க. அத நீயேதான் பண்ணிக்கணும்!"