ஆறு அங்குலத் தண்டு

எழுபத்து மூன்றாம் வருஷம் மே மாதம், ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தலைபோகிற பிரச்சினை ஒன்று உண்டானது. கிளப்பில் டார்ட்டுகளின் தண்டுகள் ஒடிந்துவிட்டன.

டார்ட் வேறொன்றுமில்லை. வெள்ளைக்காரத் தொரைமார் விட்டுப்போன வட்டப் பலகையில் குறிபார்த்து எறிகிற சின்ன அம்பு. முன்னால் ஊசி, பின்னால் இறகு. இறகைத் தாங்குகிற குச்சிதான் தண்டு. கிளப் வாட்சரான நான்தான் புதுத் தண்டு செய்யவேண்டும்.

எனக்கோ வேறு கவலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் வீட்டுக் கூரைத் தகரத்தில் மூன்று ஓட்டை. மனைவி பிலோமிக்கு ஜூனில் பேறுகாலம். மழைக்கு முன்னால் தகரம் மாற்ற, மானேஜர் தொரை ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மனுவை நீட்டினேன்.

"சுவக்கீன், முதலில் தண்டு விஷயம் தீரட்டும்" என்றார் தொரை.

அன்றைக்கே கிளப்பில் கிடந்த ஓட்டைக் குடையின் கம்பியை அறுத்து, எல்லார் டார்ட்டுக்கும் ஒரே அளவில் தண்டு செய்து கொண்டுபோனேன். ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டர் ஏசுரத்தினம் பதறிப்போனார்.

"என்னவே இது, தொரைக்கும் எனக்கும் ஒரே நீளமா? ஆபீஸ்ல நாற்காலி ஒரே உயரமாவா இருக்கு?"

நியாயம்தானே! உடனே கமிட்டி கூடியது. மூன்று நாள் ஆலோசித்து, 'நிர்வாக ஒழுங்கை முன்னிட்டு' உத்தரவு போட்டார்கள். ரைட்டருக்கு இரண்டு அங்குலம், உதவி மானேஜரான சின்னத் தொரைக்கு நான்கு, மானேஜரான பெரிய தொரைக்கு ஆறு.

ஆறு அங்குலத் தண்டோடு தொரை எறிந்தார். டார்ட் வாலைச் சுழற்றிக்கொண்டு போய்க் கதவில் குத்தியது.

"பலகை இடம் மாறி இருக்கு" என்றார் ரைட்டர்.

பலகையைக் கதவில் மாட்டினேன். அடுத்தது ஜன்னலுக்குப் போனது. ஜன்னலுக்கு மாற்றினேன். அப்புறம் ஆணியடிக்க நேரமில்லை. பலகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, டார்ட் போகிற பக்கமெல்லாம் நானே பாய்ந்தேன். அன்று தொரை ஒரு எறிகூடத் தவறவில்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்கே உன் மனு?" என்று பேனாவைத் திறந்தார். மாதாவே, என் கூரை பிழைத்தது!

அந்த நேரம் பார்த்து யூனியன் தலைவர் சுருளிவேல் நூறு பேரோடு உள்ளே வந்தார். "ரைட்டருக்கு ரெண்டு அங்குலம். இத்தனை வருஷமாக் கொழுந்து கிள்ளுற தொழிலாளிக்கு ஒண்ணுமில்லையா?"

தொரை பேனாவை மூடிவிட்டார்.

பதினொரு நாள் ஸ்டிரைக். கூரையைப் பற்றி எவனும் பேசவில்லை. பொய் சொல்லக் கூடாது, கோஷத்தில் எல்லாரையும்விட உரக்கக் கத்தினது நான்தான். ஆறு அங்குலம் என்றால் சும்மாவா!

ஜெயித்தோம். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஆறு அங்குலத் தண்டு அனுமதிக்கப்பட்டது. டார்ட் கிடையாது, தண்டு மட்டும். கம்பி அவரவர் குடையிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு கம்பியை மட்டும் உருவினால் குடை கோணிப்போகும் என்று எட்டையும் சமமாக வெட்டினோம். லயம் முழுக்க லட்டு கொடுத்தோம்.

ஜூன் பிறந்தது. பிலோமி பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. மூன்று ஓட்டையும் ஒழுகியது.

"ஏங்க, புள்ள நனையுது. அந்தக் குடையை விரிங்க."

விரித்தேன். துணி என் தலையிலேயே தொப்பென்று விழுந்தது.

"கம்பியெல்லாம் எங்க?"

சட்டைப் பையிலிருந்து தண்டை எடுத்துக் காட்டினேன். "ஆறு அங்குலம் பிலோமி. தொரைக்குச் சமம்!"

அவள் தண்டைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப அதையே புள்ள தலைக்கு மேல புடிங்க."

பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் சுருளிவேல் வீட்டம்மாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.