நாற்பத்தைந்து நிமிட இரைச்சலும் ஓர் இருமலும்

யேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
14.11.1982

அன்புள்ள மருமகன் மரியநேசனுக்கு,

உன் தாயாரின் தம்பியும், மீன்பிடிச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவனும், ஓய்வு என்றால் என்னவென்று இன்னும் அறியாதவனுமாகிய மத்தேயு மாமா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், காதுகளைத் தவிர. லண்டனில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறோம். நம்பத்தானே வேண்டும், இரண்டரை வருடத்தில் நீ எழுதிய கடிதம் மூன்று.

நிற்க. படிப்பு மும்முரத்தில் உனக்கு மறந்திருக்கும், நான் நினைவூட்டுகிறேன். சித்திரை மாதம் உன் அம்மா உனக்குத் தன் குரலைப் பதிந்து ஒரு கசற் அனுப்பினா. அவாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான் வாசித்துக் காட்டினால் நம்பவும் மாட்டா. "மத்தேயு, பிள்ளை சுகமில்லையெண்டு எழுதியிருக்கிறான், நீ அதை விட்டிட்டு வாசிக்கிறாய். அவன்ர குரலைக் கேட்டாத்தான் அவன் சாப்பிடுறானோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியும்" என்று ஒரே பிடி. அதனால்தான் ஒரு பக்கம் முழுக்கத் தானே பேசி, மறுபக்கத்தில் உன்னைப் பேசி அனுப்பச் சொன்னா. அடையாளத்துக்குச் சிவப்பு மையால் ஒரு சிலுவையும் போட்டுவிட்டா.

ஆவணியில் பார்சல் வந்தது. உள்ளே நான்கு கசற், அதில் ஒன்றில் சிவப்புச் சிலுவை. அவ்வளவுதான், உன் அம்மா பார்சலில் வேறென்ன இருக்கிறதென்றும் பார்க்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்த சனம் முழுவதையும் முற்றத்துக்குக் கூப்பிட்டா. பக்கத்து வீட்டு யூலிற்றா, நீயே நேரில் வருவதுபோலத் தன் கலியாணக் கூறைச்சீலை உடுத்துக்கொண்டு வந்தா. கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுகிற யோகலிங்கம் தன் ஒலிபெருக்கிக் குழாயை முருங்கை மரத்தில் கட்டினான். உபதேசியார் முன்வரிசைக் கதிரையில் அமர்ந்து தொண்டையைச் செருமினார், ஏதோ அவர்தான் பேசப் போகிறார் போல. நான் பொத்தானை அமத்தினேன்.

ஒருவன் இங்கிலீசில் நாலு வரை எண்ணினான். பிறகு நடந்ததை எழுத எனக்குத் தமிழும் காணாது இங்கிலீசும் காணாது. முருங்கையில் இருந்த காகம் போனது போனதுதான், இன்னும் திரும்பவில்லை. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். "ஐயோ, லண்டனிலை கலவரமோ?" என்று யூலிற்றா நெஞ்சில் அடித்தா. யோகலிங்கம், "அண்ணை, பாட்டுக்காரனை ஆரோ அடிக்கிறாங்கள்" என்று துப்புக் கண்டுபிடித்துச் சொன்னான். நான் நிற்பாட்டப் போனால் உன் அம்மா என் கையைத் தட்டிவிட்டா. "எல்லாரும் சத்தம் போடாமல் இருங்கோ, பிள்ளை இனித்தான் கதைக்கப் போறான்" என்று, அந்த இடிமுழக்கத்துக்குள் எங்களை அதட்டிக்கொண்டு அசையாமல் இருந்தா. சனம் ஒவ்வொன்றாய்க் கழன்றது. நாற்பது நிமிடமாய் நீ கதைக்கவில்லை. அவாவின் முகத்தைப் பார்த்தேன் மருமகன், அப்போது நீ என் கையில் கிடைத்திருந்தால் உன்னைச் சுறா வலையில் சுற்றியிருப்பேன்.

அப்போதுதான் இரண்டு பாட்டுக்கு நடுவில், எங்கள் காதுக்கு மிகக் கிட்ட, ஓர் இருமல். பிறகு பச்சைத் தமிழில், "ஐயோ அம்மா, என்ர கால்!"

உன் அம்மா துள்ளி எழும்பினா. "அவன்தான்! ஆரடா என்ர பிள்ளையை மிதிச்சது?" என்று முருங்கையைப் பார்த்துக் கேட்டா. பிறகு கதிரையில் இருந்து, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நெஞ்சிலை சளி கட்டியிருக்கு, வலப்பக்கம்" என்றா. பெரியாஸ்பத்திரி டொக்டர்மாருக்குக்கூட இந்தத் திறமை கிடையாது.

அதன்பிறகுதான் பார்சலின் அடியில் உன் துண்டுக் கடிதத்தைக் கண்டோம். இவை பங்க் என்கிற புதுப் பாட்டுக்காரப் பாண்டுகள் மதுக்கடை மாடிகளில் வைத்த நேரடிக் கச்சேரிகளாம், நீயே சட்டைக்குள் றெக்கோடரை ஒளித்துப் பிடித்தவையாம், கடையில் கிடைக்காதாம். கிடைக்காததற்குக் கடைக்காரருக்கு நன்றி. பங்க் வாசிக்க மூன்று சுரம் தெரிந்தால் போதுமாம். அந்த மூன்றும் தெரிந்தவர்களை எப்போது சேர்க்கப் போகிறார்கள்? பாண்டின் பெயரை அகராதியில் பார்த்தேன், "அடைபட்ட சாக்கடைகள்" என்று வருகிறது. பெயரிலாவது பொய் இல்லை. ஒருவன் மட்டும் பூட்டி வைத்துக் கேட்பது பாவம், ஆகவே வவுனியாவில் உன் சிநேகிதன் பாலனுக்கும் கொப்பி அடித்து அனுப்பவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பகிர்ந்து கொடு என்று சுவாமியார் இருபது வருடம் பிரசங்கம் வைத்தார், உனக்கு அது லண்டன் மதுக்கடை மாடியில்தான் விளங்கியிருக்கிறது. கடைசி வரியில், "அண்டைக்குக் கசற் முடிஞ்சு போச்சு, பொக்கற்றுக்குள்ள அம்மான்ர கசற் இருந்தது, வெறும் பக்கத்திலை அடிச்சிட்டன்" என்றும் இருந்தது. அம்மாவின் கசற் ஏன் உன் பொக்கற்றுக்குள் இருந்தது என்று நான் கேட்டேன். அக்கா அந்தக் கசற்றை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

உன் கட்டளைப்படி கொப்பியும் அடித்தேன். யோகலிங்கத்தின் றெக்கோடரையும் எங்களுடையதையும் குசினியில் முகத்துக்கு முகம் வைத்து அடித்ததில், "மத்தேயு, தேங்காய் துருவியாச்சோ?" என்பதும் சேர்ந்து பதிந்துவிட்டது. பாலன் அதைக் கொழும்புக்கு அனுப்ப, கொழும்பு சுவீடனுக்கு அனுப்ப, அங்கே ஒருவன் அந்தப் பெண்பாடகி யார் என்று கேட்டு எழுதியிருக்கிறானாம். உன் அம்மா உலகப் புகழ் பெற்றுவிட்டா, எனக்குத்தான் இன்னும் பிட்டு கிடைக்கவில்லை.

கதை இதோடு முடிந்ததென்று நினைக்காதே. மூன்று மாதமாக, காலைச் செபம் முடிந்த கையோடு, திரு இருதயப் படத்துக்கு முன்னால் அடைபட்ட சாக்கடைகள் ஓடுகின்றன. முதல் நாற்பது நிமிடத்தை வேகமாய் ஓட்டிவிடச் சொன்னால், "நாடாவை இழுத்து இழுத்து அந்த இடம் தேய்ஞ்சுபோம்" என்று முழுவதையும் கேட்கிறா. றெக்கோடருக்குப் பற்றறி தேடி நான் மாங்குளம்வரை போய் வந்தேன். கரைவலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டை விட்டுவிட்டு, "வன், டூ, த்ரீ, ஃபோர்" என்று இழுக்கிறார்கள். வலை முன்னையிலும் கெதியாய்க் கரைக்கு வருகிறதென்று வலைச் சொந்தக்காரச் சம்மாட்டி உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். எனக்கோ விசர் பிடிக்கப் போகிறது.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். இந்தக் கண்டறியாத கசற் இனி ஒன்றும் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. வந்தால் நந்திக்கடலில் எறிவேன். ஒழுங்கான பிள்ளையாய் அறைக் கதவைப் பூட்டி, அமைதியாய் இருந்து, உன் அம்மாவோடு பேசிப் பதிந்து அனுப்பு.

சகாய மாதா உன்னையும் உன் செவிப்பறைகளையும் காத்து இரட்சிப்பாளாக. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் இடித்த தூள் தனியே வருகிறது, வலப்பக்கச் சளிக்கு.

இப்படிக்கு,
உன் நன்மையையும் சற்று நிசப்தத்தையும் விரும்பும்
மாமா மத்தேயு

பி.கு: இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல்முறையாக நான் எதையும் விடாமல் வாசித்ததாக நம்பினா, நம்பிவிட்டுக் கிழிக்கச் சொன்னா. முத்திரை ஒட்டியாயிற்று, கிழிக்க மாட்டேன். ஆனால் கசற் அனுப்பாதே என்றதை மட்டும் வெட்டிவிட்டு வாசி. நேற்று மற்ற மூன்று கசற்றையும் இரண்டு பக்கமும் கேட்டு முடித்தோம், ஒன்றிலும் நீ இருமவில்லை. அவா பிறகு சாப்பிடவும் இல்லை. அதனாலை இனி எல்லாக் கச்சேரிக்கும் போ. றெக்கோடர்ப் பெட்டியை உன்ர வாய்க்குக் கிட்டப் பிடி. நல்ல நெருக்கமான இடமாப் பாத்து நில். அந்தக் கால் இப்ப சுகமோ எண்டு அக்கா கேக்கச் சொன்னா. நானும்தான் கேக்கிறன்.