மீன் தொட்டிக்குள் விளக்குப் போட்ட கதை

ஒன்றும் தெரியாதவனால் ஊருக்குக் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஜொகூர் பாருவில் அப்படிப்பட்டவர்களில் நான் முதல் வரிசையில் இருந்தேன். மின்சார அலுவலகத்தில் கிராணி உத்தியோகம். கடிதங்களை நகல் எடுத்துக் கோப்பில் கட்டுவேன், அவ்வளவுதான். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் வீட்டு விளக்கு மினுக்கினாலும் போய்க் கருத்துச் சொல்வேன். (யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.)

எங்கள் குவாட்டர்ஸுக்குக் கரண்டு வந்த வருஷமே எனக்குக் கல்யாணப் பேச்சும் வந்தது. தங்காக்கில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பாவும் அம்மாவும் என் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வாயிலிருந்து சம்மதம் என்று ஒரு வார்த்தை வந்தாக வேண்டும்.

வீட்டில் காட்டுவதற்கு என்ன இருந்தது? இரண்டு நாற்காலி, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த ஒரு மீன் தொட்டி, அதில் நாலு தங்கமீன். அதை வைத்தே மாமனாரை அசத்துவது என்று தீர்மானித்தேன். ஒரு ஜாம் போத்தலுக்குள் பல்பைப் பொருத்தி, மூடியில் துளை போட்டு வயரை வெளியே எடுத்து, மெழுகால் அடைத்து, கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். ஸ்விட்சைப் போட்டதும் தொட்டி ஜெகஜ்ஜோதியாக இருந்தது. ஒரு வாரம் விளக்கு எரியும்போதே கையை விட்டுப் பாசி எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போது துரைமார்களைப் பார்த்து, வீட்டுக்குள்ளேயும் ரப்பர் அடிச் சப்பாத்து போட்டுக்கொண்டு திரியும் பித்து எனக்கு இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் மூளை மட்டும் இல்லை.

வந்தவர்கள் நம் வழக்கப்படி செருப்பை வாசலிலேயே விட்டார்கள். சிமெண்டுத் தரையை அன்று காலைதான் கழுவியிருந்தேன், ஈரம் காயவில்லை.

"அட, தண்ணிக்குள்ள விளக்கு!" என்று மாமனார் ஆசையாக விரலை விட்டார். விட்ட வேகத்தில் "ஐயோ!" என்று துள்ளி மனைவி மேல் சாய்ந்தார்.

"என்னங்க, மீன் கடிச்சிருச்சா?" என்றார் அந்த அம்மாள்.

"மீனா? தோள்ல உலக்கையால இடிச்ச மாதிரி இருக்கு!"

"கரண்டெல்லாம் இல்லீங்க மாமா. இருந்தா மீனு செத்துப் போயிருக்காதா? இங்க பாருங்க" என்று மணிக்கட்டு வரை கையை விட்டு ஆட்டியும் காட்டினேன்.

அந்த அம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு வெறுங்கால்ல நிக்கிறாரு. நீங்களும் அந்தச் சப்பாத்தைக் கழட்டிட்டுத் தொடுங்களேன் தம்பி."

கழற்றினேன். தொட்டேன்.

"அலமாக்!" என்று நான் மலாய்க்காரர் மாதிரி அலறியது அடுத்த தெருவில் கேட்டதாம். கை வெட்டி இழுத்ததில் தொட்டி சரிந்து உடைந்தது. தரையெல்லாம் தண்ணீர், நடுவில் நானும் நாலு மீனும் துடித்துக்கொண்டிருந்தோம். மாமனார்தான் குடையின் மரப்பிடியால் ஸ்விட்சைத் தட்டி அணைத்தார். (துணிக்கடைக்காரருக்குத் தெரிந்தது மின்சார அலுவலகக் கிராணிக்குத் தெரியவில்லை.) பிறகு அந்த அம்மாள் மீன்களைப் பொறுக்கிச் சொம்பில் போட்டார். காப்பிகூடக் குடிக்காமல் இருவரும் புறப்பட்டார்கள். அவ்வளவுதான், பெண் போச்சு என்று உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிஜமாகவே அழுதேன்.

பத்து நாள் கழித்து சம்மதம் என்று கடிதம் வந்தது. காரணத்தைப் பின்னால்தான் என் மனைவி சொன்னாள். வீட்டுக்குப் போனதும் அவள் அம்மா, "கழட்டுன்னு சொன்னதும் கழட்டுற பையன். நம்ம பொண்ணு பேச்சையும் கேப்பான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

கல்யாணத்தில் தாரை வார்க்கும் நேரம். சொம்பைச் சாய்க்கப் போன மாமனார் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"மாப்பிள்ளை, ஸ்விட்சை அணைச்சிட்டீங்கதானே?"

ஐயர் உட்படப் பந்தலே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பெண்ணைக் கொடுக்கிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் வார்ப்பார்கள். என் மகளைத் தாரை வார்த்தபோது நானும் கேட்டேன். விவரம் தெரியாத மாப்பிள்ளை, பாவம், வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைத் தேட எழுந்துவிட்டார்.