எழுபத்தோராம் நம்பர் காம்பரா

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல நான் முப்பது வயதுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது ஒரு சாவு வீடு.

ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் எண்பது காம்பரா, வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள். பள்ளத்தில் கிடப்பதால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. ரோட்டோரக் கடை வரை வந்திருந்த இன்டர்நெட்டை லயத்துக்கு இறக்கியவன் நான். படிப்பெல்லாம் வீடியோ பார்த்துத்தான். ரூட்டர் எங்கள் வீட்டில், எங்கள் காம்பரா ஒன்றாம் நம்பர், ஆகவே ரூட்டரின் முகவரியிலும் கடைசி எண் ஒன்று. பன்னிரண்டாம் நம்பர் கமலா அக்காவின் போனுக்குப் பன்னிரண்டு. (தபால்காரரே அப்படித்தானே எங்களைக் கண்டுபிடிக்கிறார்!) தானாக எண் கொடுக்கும் வசதி ரூட்டரில் இருந்தது. அதை நிறுத்திவிட்டேன். நம்பர் வேண்டுமா, என்னிடம் வரட்டும்.

முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 24 என்ற எண்ணும் இருந்தன. எண்பது வீடு இருக்கிறதே, தாராளமாக இருக்கட்டும் என்று 26 ஆக்கினேன். 26 பெரிசுதானே?

கீழ் லயத்தில் எல்லாருக்கும் வேலை செய்தது. ஊரே மெச்சியது. முருகேசு அண்ணன் மட்டும், “நீ போன்ல படிச்ச டாக்டருடா, பாத்து ஊசி போடு” என்பார்.

அவருடைய அம்மாதான் செத்துப்போனார். மேல் லயம், எழுபத்தோராம் நம்பர். அங்கே கூரையில் வைஃபையை மேலே நீட்ட இன்னொரு கருவியை அந்த வாரம்தான் கட்டியிருந்தேன்; யாருக்கும் இன்னும் நம்பர் கொடுக்கவில்லை. அண்ணனின் தங்கை சாந்தி அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்தார். வர வழியில்லை.

“அவ மேடம் ஒரு மணி நேரம் குடுத்திருக்காளாம். ரெண்டுலருந்து மூணு. அம்மா மொகத்த மட்டும் காட்டிருடா தம்பி” என்றார் அண்ணன்.

“போன்ல எதுக்குண்ணே? லேப்டாப்புல பெருசா காட்டுறேன்.”

சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு, இரவல் லேப்டாப்பை வைத்து, கடைசி எண்ணாக எழுபத்தொன்றும் சாய்கோட்டுக்குப் பின்னால் வழக்கமான 26-உம் கொடுத்தேன். திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது, நாலு வரி. அத்தனை பேர் பார்க்கும்போது நின்று வாசித்தால் மரியாதை என்ன ஆவது? ‘ஆம்’ என்பதை அமுக்கினேன்.

வைஃபை முழுதாகக் காட்டியது. இன்டர்நெட் இல்லை. அணைத்துப் போட்டேன். கூரையில் ஏறினேன். ஒயரைத் துடைத்தேன். (ஒயரைத் துடைத்து உலகத்தில் எதுவும் சரியானதில்லை.)

கீழிருந்து கமலா அக்கா ஓடி வந்தார். “சாந்தி கேட்டுக்கிட்டே இருக்கா. இந்தா, ஏம் போன்ல காட்டு.”

“சின்னதா தெரியும்க்கா. அஞ்சே நிமிசம்.”

அந்த ஐந்து நிமிடம் மூன்று மணி வரை நீண்டது. பனி இறங்கத் தொடங்கியது. மழையில் நனைந்த சரிவில் பெட்டியைச் சுமக்க வேண்டும். பெரியவர்கள் மூடச் சொல்லிவிட்டார்கள். ஆணி அடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கமலா அக்காவின் போனை வாங்கினேன். வாங்கிய நொடியே சாந்தி அக்காவின் முகம் வந்தது.

“மூடிட்டாங்களா?”

தலையை ஆட்டினேன்.

“தொறக்கச் சொல்லு தம்பி. ஒரு தடவ.”

தப்பு மேளச் சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். போனைத் திருப்பிப் பிடித்தேன். தேயிலைக்கு நடுவே பெட்டியின் பின்பக்கமும் நாலைந்து குடையும் தெரிந்தன. அவ்வளவுதான் அவர் பார்த்தது.

மறுநாள் தாளில் கோடு கிழித்துப் பார்த்தேன். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், முகவரியில் லயத்துக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. அது கூடினால் காம்பராவுக்கு மிஞ்சும் பங்கு குறையும். 24 என்றால் ஒரே லயத்தில் இருநூற்று ஐம்பத்து நாலு காம்பரா. 26 என்றால் அறுபத்திரண்டுதான், அதற்கப்புறம் சுவர். எழுபத்தொன்று சுவருக்கு அந்தப் பக்கம், ரூட்டர் இந்தப் பக்கம். கமலா அக்காவின் பன்னிரண்டு, எங்கே கொண்டுபோனாலும் ரூட்டரின் லயத்துப் பிள்ளை. நான் வாசிக்காத அந்த நாலு வரியும் இதைத்தான் சொல்லியிருந்தது.

இருபத்தாறை இருபத்துநாலாக்கினேன். லேப்டாப் உடனே வேலை செய்தது. அதைச் சொல்லப் போனபோது முருகேசு அண்ணன், “விடுடா” என்றார். திட்டியிருக்கலாம்.

இன்றைக்கும் நான் சந்தையிலிருந்து ஒரு சட்டியைக் கொண்டுவந்து “பெருசா பாத்து வாங்கினேன்” என்றால், என் மனைவி, “எது, இருபத்தாறு மாதிரி பெருசா?” என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

போன வருடம் சாந்தி அக்கா ஊரோடு வந்துவிட்டார். எழுபத்தோராம் நம்பருக்கு வைஃபை கேட்டார். அவருடைய போனை வாங்கி, பழக்கத்தில் எண்ணை நானே அடிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ போடாத தம்பி. அதுவே போட்டுக்கட்டும்.”