யெஸ் அமுக்கிய கையும் ஒரு முதுகுவலியும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் 'சரிங்க' என்று சொல்லிவிடுவேன். கோயமுத்தூர்க்காரன் வேறெப்படி இருப்பான்?

என் மனைவி செல்வியின் அண்ணன் வேலுமணி, பவானியிலிருந்து வெற்றிலை பாக்கோடு வந்தார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம புது ஊட்டுப் புண்ணியார்ச்சனைங்க. நீங்கதான் வந்து பந்தி பாக்கோணும்."

அவர் வீட்டுப் பந்தி எனக்குத் தெரியும். போன விசேஷத்தில் ஆறு பந்திக்கும் சாம்பார் வாளி தூக்கினேன். கை இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது. போதாக்குறைக்கு அந்த ஞாயிறு டிவியில் இந்தியா மேட்ச். வாய் என்னவோ "வந்தர்றனுங்க" என்றது.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். எங்கள் தெருவில் இன்டர்நெட் இருந்த ஒரே வீடு எங்களுடையதுதான். கம்ப்யூட்டரிடமும் எனக்கு அதே வியாதி. பத்திரிகையோடு இலவசமாக வரும் சிடியைப் போட்டால், 'இதையும் பிரவுசரில் சேர்க்கட்டுமா?' என்று ஒரு பெட்டி மரியாதையாகக் கேட்கும். 'யெஸ்' அமுக்குவேன். கேட்கிறவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இப்படியே பிரவுசரின் தலையில் பதினொரு டூல்பார் பட்டைகள் ஏறிவிட்டன. தேட ஒன்று, வேகமாக இறக்க ஒன்று, வானிலைக்கு ஒன்று, சும்மா வாலாட்ட ஒரு நாய்க்குட்டி. பக்கம் தெரிய நாலு விரற்கடை இடம்தான் மிச்சம்.

பவானியிலிருந்து தப்ப வியாழக்கிழமை வழி தேடினேன். என் தேடும் பட்டை அன்றைக்குப் பார்த்து மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் பிரவுசரின் வெறும் பெட்டியிலேயே இங்கிலீஷில் தட்டினேன். நடுவில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. வழக்கம்போல 'யெஸ்'.

முதுகுவலிதான் உத்தமம் என்று கண்டுபிடித்தேன். காய்ச்சல் மாதிரி தெர்மாமீட்டர் வைத்து அளந்து பார்க்க முடியாது.

செல்வி பதறிப்போனாள். தைலம் தேய்த்தாள். கொள்ளு ரசம் வைத்தாள். "நீங்க படுத்திருங்க மாமா, நானே போயிட்டு வந்தர்றன்" என்றாள். ஜெயித்துவிட்டேன்! அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அண்ணனுக்கு ஒரு ஜமக்காளம் வாங்கிக் குடுக்கலாமுங்களா? அந்தப் பொட்டில டிசைன் வருமுங்களா?"

"ஊரே ஜமக்காளம் நெய்யுது, பவானிக்காரருக்கே ஜமக்காளமா அம்மணி?"

"அதுக்குத்தானுங்க, பவானின்னு போட்டுத் தேடோணும். நீங்க படுத்துட்டே சொல்லுங்க, நான் தட்டறன்."

"உனக்கென்ன தெரியும்? வெறும் பிரவுசர்ல ஒண்ணும் ஆவாது. என்ற பட்டைகளப் பாரு!"

கட்டிலிலிருந்து ஒரே தாவாகத் தாவி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பாத்துங்க, முதுகு."

"ஆ... அம்மா" என்றேன், கொஞ்சம் தாமதமாக.

தேடும் பட்டையில் பவானி என்று போட்டேன். நாய்க்குட்டி வாலாட்டியது. வானிலைப் பட்டை வெயில் என்றது. வேறொன்றும் நடக்கவில்லை. கால் மணி நேரம் நாய்க்குட்டி மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று செல்வி உட்கார்ந்தாள். இரண்டே தட்டு. பதினொரு பட்டையும் மாயம்.

"இதெங்க கத்துக்கிட்ட?"

"ஹெல்ப்புன்னு போட்டிருந்துச்சுங்க. படிச்சன். பொட்டியோட வந்ததே நல்லாத்தானுங்க இருக்குது."

வெறும் பெட்டியில் 'பி' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினாள். பவானிக்கு இங்கிலீஷில் 'பி'. முதுகுக்கும் 'பி'. மச்சானுக்கும் 'பி'தான். வியாழக்கிழமை நான் தட்டியதெல்லாம் வரிசையாகக் கீழே தொங்கியது.

'முதுகுவலி வந்ததுபோல் நடிப்பது எப்படி.'

'மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போகாமலிருக்க வழி.'

அன்றைக்கு அது என்ன கேட்டது என்று அப்போதுதான் உறைத்தது. 'நீங்கள் அடிப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா?'

செல்வி திரும்பி என் முதுகை ஒருதரம் பார்த்தாள். இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு போனை எடுத்தாள்.

"அண்ணா, அவருக்கு முதுகு நல்லாயிருச்சுங்க. வாளி ரெண்டாவே குடுங்க."

ஏழு பந்தி. இரண்டு கைக்கும் வாளி. இந்தியா ஜெயித்ததா என்று பந்தியில் ஒருத்தரிடம் கேட்டேன். "ரசமுங்களா?" என்றார்.

திங்கட்கிழமை நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது. வைத்தியம் தேடலாமென்று குனிந்தபடியே போய் 'பி' தட்டினேன். அதே வரிகள் தொங்கின. சனிக்கிழமை பதற்றத்தில் முதல் இரண்டோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் மூன்றாவதைப் பார்த்தேன். அது நான் தட்டியதே இல்லை.

'முதுகுவலி நிஜமா நடிப்பா, கண்டுபிடிப்பது எப்படி.'

"செல்வீ! இது யாரு?"

"நானுங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "வியாழக்கெழமையே தட்டுனனுங்க, நீங்க தைலத்தோட தூங்கறப்போ. அப்பவே உங்குளுதும் வந்து உழுந்துச்சு."

"அப்பறம் எதுக்கு ஜமக்காளம் பாக்கோணும்னு வந்து நின்ன?"

"பின்னென்னங்க, பவானிக்காரருக்கு யாராச்சும் ஜமக்காளம் வாங்கிட்டுப் போவாங்களா?"